மஜ்லிஸ் மறுத்தா தேட வேண்டியது சிபாரிசு இல்லை, காரணம்

இது திருவிழா அறிவிப்பு இல்லை, நன்கொடை கேக்கிற பதிவும் இல்லை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானம் நடக்கும்போது, புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான் பக்கத்துல இருந்து வர்றவங்க அடிக்கடி ஒரு மலாய்க் கடிதத்தை நீட்டி, "அண்ணே, இதைப் படிச்சுச் சொல்லுங்க"ன்னு கேக்கிறாங்க. வீட்டைப் பின்னாடி இழுத்துக் கட்ட விண்ணப்பம் போட்டிருப்பாங்க. மறுத்துட்டாங்கன்னு கடிதம் வந்திருக்கும். அடுத்த கேள்வி எல்லார்கிட்டயும் ஒண்ணுதான்: "இப்ப யாரைப் பார்க்கணும்?"

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். யாரையும் பார்க்கப் போறதுக்கு முன்னாடி அந்தக் கடிதத்தைப் பாருங்க. ஏன்னா கடிதம் கையில கிடைச்ச அன்னைக்கே நாள் ஓட ஆரம்பிச்சுடுது.

"யாரைப் பார்க்கணும்" என்கிற பழக்கம் நமக்குத் தோட்டத்துல இருந்து வந்தது. கூரை ஒழுகினாலும் கிராணிகிட்ட சொல்லணும், அவர் துரைகிட்ட சொல்லணும். லயத்து வீட்டுப் பின்பக்கம் நாலு தகரம் போட்டு அடுப்படி இழுக்கிறதும் வாய் வார்த்தையில நடந்தது. வீடு நம்மளது இல்லை, அதனால எல்லாமே தயவு. ஆனா இன்னைக்கு நிலப்பட்டா நம்ம பேர்ல இருக்கு, வீட்டு வரி நாம கட்டுறோம். அனுமதி கேக்கிறது சட்டப்படி போடுற விண்ணப்பம். மறுத்தா மேல்முறையீடு செய்யிறதும் சட்டம் கொடுத்த உரிமை. அந்த உரிமையை விட்டுட்டு மறுபடியும் கிராணியைத் தேடிப் போனா எப்படி?

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், வேற மாவட்டத்துல இருக்காங்க. அம்மாவுக்கு முழங்கால் போச்சு, மாடி ஏற முடியாது. கீழேயே பின்பக்கம் ஒரு ரூமும் பாத்ரூமும் கட்ட பிளான் போட்டாங்க. மறுப்பு வந்தது. மகன் ஒரு ஆள் மாத்தி ஒரு ஆளைப் பார்த்து, அஞ்சு வாரம் அலைஞ்சு, நல்ல லெட்டர்ஹெட்ல ஒரு ஆதரவுக் கடிதம் வாங்கினார். கொண்டுபோய்க் கொடுத்தா, "மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்சு போச்சு, புதுசா விண்ணப்பம் போடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. மறுபடியும் பிளான் செலவு, மறுபடியும் கட்டணம். அந்த அம்மா இன்னும் ஹால்லதான் படுக்கிறாங்க. அஞ்சு வாரத்துல யாருமே மறுப்புக்கு என்ன காரணம்னு படிக்கலை. அதுதான் எனக்கு வருத்தம்.

ஃபேக்டரியில ஒரு பொருளை கியூ.சி. ரிஜெக்ட் பண்ணா அதுல ஒரு டேக் தொங்கும். அந்த டேக்கைப் படிக்காம மேனேஜர் ரூமுக்கு ஓடுற ஆப்பரேட்டரை நான் திருப்பி அனுப்பிடுவேன். அளவு தப்பா, மெட்டீரியல் தப்பா, இல்லை செக் பண்ணவரே தப்பா? பதில் எதுவோ அதுக்கு ஏத்த மாதிரிதான் அடுத்த வேலை. மஜ்லிஸ் கடிதமும் அப்படித்தான்.

முதல்ல, எந்தச் சட்டத்தின் கீழ் மறுத்திருக்காங்கன்னு பாருங்க. வீடு இழுத்துக் கட்டுற விஷயத்துல ரெண்டு சட்டம் வரும். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது ஆக்தா 172. இதுல கிடைக்கிறது திட்டமிடல் அனுமதி, கெபெனாரான் மெரன்சாங். இன்னொண்ணு 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டட சட்டம், ஆக்தா 133. கட்டட பிளான் இதுக்குக் கீழே வரும். கடிதத்துல எந்த எண் இருக்குன்னு தெரியாம எங்க மேல்முறையீடு செய்யிறதுன்னு முடிவு பண்ண முடியாது.

172-ன்னா, அதோட 23-வது பிரிவை ஞாபகம் வச்சுக்கோங்க. முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதுல இருந்து ஒரு மாசத்துக்குள்ள மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்கு, லெம்பாகா ரயுவானுக்கு, போகலாம். முழுசா மறுத்தா மட்டும் இல்லை, அனுமதி கொடுத்துட்டுப் போட்ட நிபந்தனை நியாயமா இல்லைன்னாலும் போகலாம். அந்த வாரியம் மஜ்லிஸோட இலாகா இல்லை, மாநிலம் அமைக்கிற தனி அமைப்பு. ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, மஜ்லிஸ் முடிவு சரின்னும் சொல்லலாம், அனுமதி கொடுங்கன்னும் சொல்லலாம். அதோட முடிவே இறுதின்னு சட்டம் சொல்லுது.

ஆனா எல்லா மறுப்புக்கும் மேல்முறையீடு மருந்து இல்லை. உள்ளூர்த் திட்டத்துக்கு, ரன்சாங்ஙான் தெம்பாத்தானுக்கு, எதிரா இருந்தா மஜ்லிஸ் அனுமதி கொடுக்கக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அந்தக் காரணத்தைக் கண்ணீராலயும் கரைக்க முடியாது, சிபாரிசாலயும் கரைக்க முடியாது. அதே மாதிரி கட்டட விதிகள். வீட்டுல ஒவ்வொரு ரூமுக்கும் தரை அளவுல பத்துல ஒரு பங்காவது ஜன்னல் வெளிச்சம் வேணும்னு 1984 கட்டட விதி சொல்லுது. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம்னா 12 சதுர அடி ஜன்னல். நம்மாளுங்க கிச்சனைப் பின் மதில் வரைக்கும் இழுக்கிறப்போ நடு ரூமோட ஜன்னல் காணாமப் போகும். ரூம் இருட்டு, காத்து இல்லை. மறுத்தா அது பகை இல்லை. நடுவுல கொஞ்சம் வெட்டவெளி விட்டு பிளானைத் திருத்தி மறுபடி கொடுக்கிறதுதான் செலவு குறைஞ்ச வழி. உங்க பிளான் போட்டவரையே கூட்டிக்கிட்டுப் போய் அதிகாரிகிட்ட கேளுங்க: "எதை மாத்தினா சரியா வரும்?" ஆனா அந்தப் பேச்சு நடக்கும்போதும் ஒரு கண்ணு காலண்டர் மேல இருக்கட்டும். பேசிக்கிட்டு இருந்தா ஒரு மாசம் நமக்காக நிக்காது.

மஜ்லிஸ் காரணம் தப்புன்னு, அளவைத் தப்பா எடுத்துட்டாங்கன்னு உங்களால காட்ட முடியுதா? அப்ப பயப்படாம மேல்முறையீடு செய்யுங்க. பிளான், போட்டோ, அளவு, தேதி எல்லாம் வரிசையா வச்சு எழுதுங்க. "நாங்க ஏழை, தயவு பண்ணுங்க" என்கிற வரியை விட "இந்த அளவு இப்படி இருக்கு" என்கிற வரிக்கு வலு ஜாஸ்தி.

ஒய்.பி.யைப் பார்க்கிறது தப்பான்னு சிலர் கேப்பீங்க. தப்பே இல்லை. கடிதம் புரியலைன்னா விளக்கம் கேக்க, ஃபைல் எங்க நிக்குதுன்னு விசாரிக்க அவர் ஆபீஸ் உதவும். ஆனா அவர் கடிதம் ஜன்னல் ஆகாது, மேல்முறையீட்டு மனுவும் ஆகாது.

"முதல்ல கட்டிடு, பிறகு கோம்பாவுண்ட் கட்டிக்கலாம்"னு சொல்ற காண்ட்ராக்டர்கிட்ட எச்சரிக்கையா இருங்க. ஆக்தா 172-ல அனுமதியில்லாத கட்டுமானத்துக்கு 5 லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் சிறைன்னு இருக்கு. எல்லாருக்கும் அவ்வளவு போடுவாங்கன்னு சொல்லலை. ஆனா இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தா, அது காண்ட்ராக்டர் வீட்டுக்கு வராது.

பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தியும் ஒரு வார்த்தை. அவர் ஆட்சேபம் சொன்னா உடனே சண்டை, கோயில்ல கூட முகம் பார்க்கிறது இல்லை. சட்டப்படி ஆட்சேபம் சொன்ன பக்கத்து நிலத்துக்காரருக்கும் மேல்முறையீடு செய்யிற உரிமை இருக்கு. மழைத்தண்ணி அவர் சுவர்ல விழுமான்னு அவர் கேட்டா அது நியாயமான கேள்வி. பிளானைக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட காட்டுங்க.

கேக்காம விட்டா என்ன ஆகும்னு தாமான் ரிம்பா கியாரா வழக்கைப் பாருங்க. கோலாலம்பூர்ல வேற சட்டம், அது பெரிய அடுக்குமாடித் திட்டம், நம்ம கிச்சன் இல்லை. ஆனா பாடம் ஒண்ணுதான். அந்தத் திட்டத்துல புக்கிட் கியாரா தோட்டத்து முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கும் வீடு இருந்தது. அக்கம்பக்கத்து மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2023 ஏப்ரல் 18-ல கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியையே ரத்து பண்ணிடுச்சு. முறை தவறிக் கிடைச்ச அனுமதி நிக்காது. அதுல வீட்டுக்காகக் காத்திருந்தது நம்ம தோட்டத்துச் சனங்களும்தான்.

அதனால கோயிலுக்கு வர்ற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். மறுப்புக் கடிதம் வந்தா கிழிச்சுப் போடாதீங்க, சாமி படத்துக்குப் பின்னாடி செருகியும் வைக்காதீங்க. உறையோட வச்சுக்கோங்க, கிடைச்ச தேதியை அது மேலேயே எழுதுங்க. பெரியவங்களுக்கு மலாய் புரியலைன்னா எஸ்.பி.எம். முடிச்ச பிள்ளைங்க வீட்ல இருக்காங்க, படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. முடியலைன்னா வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வாங்க. நான் வக்கீல் இல்லை, ஆனா உக்காந்து சேர்ந்து படிக்கலாம். அடுத்த மாசம் கொண்டு வராதீங்க, இந்த வாரமே கொண்டு வாங்க.

தெரிஞ்சவங்களுக்கும் பகிருங்க. எல்லாருக்கும் அம்மன் துணை.