ஆவணப்படம் ஊருக்கு வந்துசேர எத்தனை ஆண்டுகள்?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது சுப்பிரமணிய சிவாவின் இறுதிக்கால விருப்பம். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா அந்த ஊரிலேயே மறைந்தார். நினைவாலயம் திறக்கப்பட்டதோ 2021-ல். இடையில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தத் தாமதம் வருத்தத்துக்குரியதுதான். ஆனாலும், கட்டிடத்துக்கு அதனால் பெரிய கேடு நேர்ந்துவிடவில்லை. கல் காத்திருக்கும்.

ஆவணப்படம் காத்திருக்காது. தாமதமாகத் திரையிடப்படும் ஆவணப்படங்களைப் பற்றி எழுத நினைக்கும்போது பாப்பாரப்பட்டி எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வேறுபாட்டினால்தான். கதைப்படம் ஐந்தாண்டு பெட்டிக்குள் கிடந்து வெளிவந்தால் நட்சத்திரத்தின் தலைமுடி அலங்காரம் பழையதாகத் தோன்றும், அவ்வளவே. ஆவணப்படம் ஐந்தாண்டு கிடந்தால், அதில் பேசியவர்களில் சிலர் இறந்துபோயிருப்பார்கள். அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பணி ஓய்வு பெற்றிருப்பார். படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டியவர்கள் ஊரை விட்டே போயிருப்பார்கள். தடை விதிக்காமலே ஒரு படத்தைச் செயலிழக்கச் செய்யும் வழி தாமதம்.

தமிழில் இதற்கு முதல் சாட்சி ஏ.கே.செட்டியார். 1937 அக்டோபர் 2 அன்று, காந்தியின் பிறந்தநாளில், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது 26கூட நிரம்பவில்லை. ‘டாகுமெண்டரி ஃபிலிம்ஸ் லிமிடெட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காந்தியைப் பல்வேறு நாடுகளில், பல்வேறு ஆண்டுகளில், யார் யாரோ எடுத்துவைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடி தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா என்று அலைந்தார். ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, அதை 12,000 அடிக்குச் சுருக்கினார். அரசு உதவி இல்லை. பெரிய ஸ்டுடியோவின் பின்பலமும் இல்லை. இன்று ‘சுயாதீன ஆவணப்படம்’ என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதன் இலக்கணம் அத்தனையும் இந்த ஒரு முயற்சியில் இருந்தது.

தமிழ் விவரிப்புடன் அந்தப் படம் 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னையில் வெளியானது. அது இரண்டாம் உலகப் போர்க்காலம். காந்தியின் படத்தை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல உகந்த காலம் அல்ல. இரண்டே ஆண்டுகளில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டமும் அதையொட்டிய அடக்குமுறையும் வந்தன. படம் மக்களிடமிருந்து விலகிப்போனது. இந்தி விவரிப்புடன் அது தில்லியில் காட்டப்பட்டதற்கு, 1947 ஆகஸ்டில் விடுதலையே வர வேண்டியிருந்தது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வெளியானது. அதன் பிறகு படம் எங்கே போனது என்பதே தெரியாத நிலை. ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி, செட்டியாரின் அனுபவக் கட்டுரைகளை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகத் தொகுத்தவர். அவரது விடாத தேடலில்தான் ஆங்கில வடிவத்தின் பிரதி சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. சென்னையில் வெளியான தமிழ்ப் படத்தின் மிச்சத்தைக் காண அமெரிக்காவின் மேற்குக் கரை வரை போக வேண்டியிருந்தது என்பதை நான் வியப்போடு மட்டும் சொல்லவில்லை; கொஞ்சம் வெட்கத்தோடும் சொல்கிறேன்.

செட்டியாரின் படம் 1940-களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளில் ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்வதுண்டு. பத்திரிகை படிக்கத் தெரியாத பெரும்பான்மை மக்கள், மண் தரையில் அமர்ந்து, தாங்கள் பெயர் மட்டுமே கேட்டிருந்த மனிதர் நடப்பதையும் பேசுவதையும் கண்டிருப்பார்கள். அந்தப் பார்வையாளர்களை எந்தப் பல்கலைக்கழகக் காப்பகமும் மீட்டுத் தராது. படச்சுருளை மீட்கலாம், பார்த்திருக்க வேண்டியவர்களை மீட்க முடியாது.

உச்ச நீதிமன்றம் கேட்ட கால வரம்பு

அந்நிய ஆட்சி போனதும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா? கே.ஏ.அப்பாஸ் 1968-ல் ‘சார் ஷஹர் ஏக் கஹானி’ என்ற சிறிய ஆவணப்படத்தை எடுத்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டிய படம். ஓடும் நேரம் 16 நிமிடங்கள். தணிக்கைக் குழு அதற்கு ‘யு’ சான்றிதழ் தர மறுத்தது. பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகளை வெட்டச் சொன்னது. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, வெட்டு ஏதுமின்றிச் சான்றிதழ் தர அரசு முன்வந்தது. அவர் அத்துடன் நிற்கவில்லை. முன்தணிக்கை என்ற ஏற்பாட்டையே கேள்விக்கு உட்படுத்தினார்.

1970 செப்டம்பர் 24 அன்று தலைமை நீதிபதி எம்.ஹிதாயதுல்லா தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, முன்தணிக்கை அரசமைப்புச் சட்டப்படி செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பைப் பலரும் இந்த ஒற்றை வரியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தணிக்கை முடிவெடுக்க நியாயமான கால வரம்பு வேண்டும். அரசிடமே மேல்முறையீடு செய்யும் நிலை மாறி, நீதிமன்றத்திடமோ தன்னிச்சையான தீர்ப்பாயத்திடமோ முறையிடும் வழி வேண்டும் என்ற கோரிக்கைகளின் நியாயத்தை அரசுத் தரப்பே ஏற்றுக்கொண்டது. ஆக, முன்தணிக்கை செல்லும் என்ற தீர்ப்போடு இரண்டு உறுதிமொழிகளும் சேர்ந்தே வந்தன. அவை இல்லாத தணிக்கை அந்தத் தீர்ப்பின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதாகும்.

திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1983-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அது கலைக்கப்பட்டது. இப்போது தணிக்கை முடிவை ஏற்காதவர் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கோடிகளில் புழங்கும் தயாரிப்பாளருக்கு இது தலைவலி. சேமிப்பைச் செலவழித்துப் படம் எடுத்த ஒருவருக்கு இது முற்றுப்புள்ளி. 2024-ல் வந்த சான்றிதழ் விதிகள் நடைமுறையை இணையவழிக்கு மாற்றியிருக்கின்றன, வரவேற்கத்தக்கதே. ஆனால், விண்ணப்பம் விரைவாகப் போய்ச் சேர்வதும் முடிவு விரைவாக வருவதும் ஒன்றல்ல.

நீதிமன்றத்தை நாடியவர்கள் வென்ற வரலாறும் உண்டு. ஆனந்த் பட்வர்தனின் ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ தேசிய விருது பெற்ற படம். 1990-களின் நடுவில் முடிக்கப்பட்ட அதைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இறுதியாக உத்தரவிட்டது 2006 ஆகஸ்டில். பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றியை வெற்றி என்றே எழுதுகிறோம். அந்தப் படம் எச்சரித்த வகுப்புவாத வன்முறை அதற்கிடையில் 2002-ல் குஜராத்தில் கண்முன் நடந்து முடிந்திருந்தது.

அந்த வன்முறையைப் பதிவுசெய்த ராகேஷ் சர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ 2004-ல் தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் தடை விலக்கப்பட்டது. அவர் நீதிமன்றத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. குறுந்தகடுகளை இலவசமாகத் தந்து, பெறுபவர் ஒவ்வொருவரும் ஐந்து பிரதி எடுத்துப் பரப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு மும்பை சர்வதேச விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கேட்கப்பட்டதை எதிர்த்து, ஆவணப்படக்காரர்கள் ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை அருகிலேயே நடத்தினார்கள். தாமதத்தை முறியடிக்கும் வழி, பார்வையாளர்களை நேராகத் தேடிப்போவதே என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

கைபேசியில் உண்டு, மண்டபத்தில் இல்லை

‘இப்போதுதான் யூடியூப் இருக்கிறதே, பிறகு ஏன் அரங்கம்?’ என்று கேட்கப்படுகிறது. மலக்குழி மரணங்களையும் துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் பதிவுசெய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்துக்கு 2017-ல் நேர்ந்ததைப் பாருங்கள். பல ஊர்களில் திரையிடலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர், அது யூடியூபில் வெளியாகிப் பல லட்சம் பேரால் பார்க்கப்பட்டது. அதாவது, வீட்டில் தனியாக அமர்ந்து கைபேசியில் பார்த்தால் பொது அமைதி கெடாது. ஐம்பது பேர் ஒரு மண்டபத்தில் சேர்ந்து பார்த்தால் கெட்டுவிடும். அதிகாரத்தின் அச்சம் படத்தைப் பற்றியதல்ல, கூடிப் பார்ப்பதைப் பற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

கூடிப் பார்ப்பதன் பயன் வேறு. திரை அணைந்ததும் விளக்கு எரியும். யாராவது எழுந்து, ‘நீங்கள் காட்டியது முழு உண்மை இல்லை’ என்பார். இயக்குநர் பதில் சொல்லியாக வேண்டும். படத்தில் வரும் ஊர்க்காரரே அரங்கில் இருந்தால், அவர் சொல்வது படத்தைவிடக் கனமாக இருக்கும். ஆவணப்படங்களும் பொய் சொல்லும், பாதியைக் காட்டி மீதியை மறைக்கும்; அதை மறுப்பதற்கில்லை. அந்தப் பொய்யைப் பிடிக்கும் இடம் தணிக்கை அறையா, ஊர் அரங்கமா என்பதே கேள்வி.

தருமபுரி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்தியில் நடந்த கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய மேலும் 12 ஆண்டுகள் ஆயின. நீதியின் தாமதத்தில் குற்றவாளிகள் தப்பிப்போகிறார்கள் என்றால், பதிவின் தாமதத்தில் சாட்சிகளின் குரல் தப்பிப்போகிறது. இப்படிப்பட்ட ஊர்களின் கதைகளைச் சொல்லும் படங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் விழா அரங்குகளில் காட்டப்படுவது நல்லது. அவை முதலில் அந்த ஊர்களில் காட்டப்பட வேண்டும்.

சட்டம் ஒழுங்கு கெடும் என்ற வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே விடை சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில். இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்திருந்தது. அதை மாற்றிய உச்ச நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை அடக்கக் கூடாது. பாதுகாப்பு தருவதே அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்பவன் அல்லன். நான் ஏற்காத ஒரு படத்துக்காகக் கிடைத்த அந்தத் தீர்ப்பை, ஏற்கும் படங்களுக்காகவும் இன்று மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தணிக்கைக்குக் கால வரம்பு சட்டத்திலேயே இருக்க வேண்டும். அதற்குள் முடிவு வராவிட்டால் சான்றிதழ் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும். கட்டணம் வசூலிக்காத, வணிக நோக்கமற்ற ஆவணப்படத் திரையிடல்களுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதைக் கைவிடலாம். கலைக்கப்பட்ட தீர்ப்பாயத்தைச் சென்னை போன்ற மாநிலத் தலைநகரங்களில் அமர்வுகளோடு மீட்க வேண்டும். இவை ஒன்றிய அரசின் கையில் உள்ளவை. எளிதில் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2017-ல் கேரளத்தின் ஆவணப்பட விழாவுக்கு வந்த மூன்று படங்களுக்கு விலக்கு மறுத்த அதே அமைச்சகத்திடம்தான் இவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

மாநில அரசு செய்யக்கூடியது அருகில் இருக்கிறது. திரையரங்குகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1955-ம் ஆண்டினது. கொட்டகை, படச்சுருள், தீ விபத்து ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டது. மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் வைத்து நூறு பேருக்குப் படம் காட்டுவதை அந்தக் கண்ணால் பார்க்கக் கூடாது. இன்று ஒரு சிற்றூரில் திரையிட நினைப்பவர் காவல் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், மண்டப உரிமையாளர் என்று அலைகிறார். எழுத்தில் மறுப்பு வருவது அரிது. ‘பிறகு பார்க்கலாம்’ என்ற வாய்மொழியே வருகிறது. எழுத்தில் வந்தாலாவது வழக்குத் தொடரலாம். எனவே, அனுமதி தேவையா, யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதை மாவட்ட நிர்வாகம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறுப்பதானால் காரணத்தைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நூலகக் கூடங்களும் அரசு நினைவிட வளாகங்களும் பிறந்தநாள், நினைவுநாள் மாலை மரியாதைகளுக்குப் பிறகு பூட்டப்பட்டு விடுகின்றன. அவற்றை மாதம் ஒரு மாலை ஆவணப்படத்துக்குத் திறந்துவிடலாம்.

பாப்பாரப்பட்டியில் முதல் படமாகச் செட்டியாரின் காந்தி படத்தின் எஞ்சிய வடிவத்தையே காட்டலாம். தொழுநோய் கண்ட சிவாவை ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தது அன்றைய அரசு. அவர் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். படம் ஆங்கிலத்தில் இருக்கிறது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, காட்சிக்குக் காட்சி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தால் போதும்.