நனி இருக்க ‘வெரி மச்’ ஏன்?

ஔவை பாடிய அதியமானின் தகடூரே இன்றைய தருமபுரி. அம்மண்ணிலும் நன்றி கூறுவோர் நாவில் ‘வெரி மச்’ ஒட்டிக்கொண்டுள்ளது. ‘மிகவும்’ என்பதே அதன் பொருள். மிகுதியைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சமா? உறு, தவ, நனி ஆகிய மூன்றையும் மிகுதிப் பொருளனவாகத் தொல்காப்பியம் வகுத்தது. சால, கூர், கழி சேர்த்து ஆறாக நன்னூல் தொகுத்தது. ஏடறியா உழவரும் ‘பச்சைப்பசேல்’, ‘புத்தம்புது’ எனச் சொல்லை இரட்டித்தே மிகுதி காட்டுவர்.

அத்தொடரின் ‘வெரி’யோ ஆங்கிலத்துக்குப் பழம்பிரஞ்சு தந்த கடன், ‘மெய்யான’ என்பதே அதன் முதற்பொருள். கடன்பட்டவனிடம் கைநீட்டுவதா செல்வனுக்கு அழகு? நாவில் வழங்காச் சொல் ஏட்டில் உறங்கிவிடும். சொற்கள் உறங்கினால் மொழி தளரும். தகடூர்த் தமிழரே! ‘மிக்க நன்றி’ என்மின். ‘நனி நன்று’ எனப் பாராட்டுமின்!