முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்?



அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, இராஜகிரி, பண்டாரவாடை தொடங்கிக் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஈறாக, நம் காவிரிப் படுகை ஊர்களில் ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நடைபெறுகிறது. வளைகுடாவிலிருந்து மீண்ட இளைஞர் ஒருவர், அல்லது 'அயல்நாடு வேண்டாம்; பெற்றோரின் அருகிலிருந்தே பிழைத்துக்கொள்வேன்' என்று உறுதி பூண்ட பட்டதாரி, தாயாரின் நகையை விற்றோ தமையனார் அனுப்பிய பணத்தைக் கொண்டோ நல்லதொரு கேமரா வாங்குகிறார். கடைத்தெருவில் சிறு ஸ்டுடியோ திறக்கிறார். திறப்பு நாளன்று இமாம் அவர்கள் துஆ ஓதுகிறார்கள். உறவினர் வந்து வாழ்த்திச் செல்கின்றனர். அதன்பின் கடைப்படியை மிதிப்பவர் அரிது. சில மாதங்களில் வாடகை நிலுவை ஏறுகிறது, கேமரா விலைபோகிறது, இளைஞர் மீண்டும் விமானம் ஏறுகிறார்.

உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிம்களிடம் தெளிவு பெறுக. இத்தொழிலை ஏற்கெனவே மேற்கொண்டுவிட்ட குடும்பங்களின் பிழைப்பைப் பற்றியதே இம்மாதப் பேச்சு.

கடையில் அமர்ந்திருந்தாலே ஆள் வந்த காலம் ஒன்றிருந்தது. கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வருவோரே ஸ்டுடியோவின் அன்றாட வருவாய்க்குப் போதுமானவராயிருந்தனர். இன்றோ கடவுச்சீட்டு சேவை மையத்திலேயே படம் எடுத்துக்கொள்கின்றனர். எஞ்சியதைக் கைப்பேசி பார்த்துக்கொள்கிறது. ஆகவே இன்றைய புகைப்படக்காரர் வாடிக்கையாளரைத் தேடிச் செல்லக் கடமைப்பட்டவர். எங்கே செல்வது என்பதுதான் வினா.

பெரும்பாலோர் முதலில் உறவினரிடம் செல்கின்றனர். இது இயல்பே. ஆயினும் இதில் இரு இடர்கள் உள. உறவினர் பணம் கொடுக்கத் தயங்குவர். நாமும் கேட்கக் கூசுவோம். அதைவிடப் பெரிய இடர், நம் உறவினர் அறிந்தவர்களை நாமும் அறிவோம் என்பது. அவர்கள் வழியே புதிய வாசல் திறப்பதில்லை.

இதனை ஆய்ந்து கூறியவர் மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். அச்செய்தியைத் தந்தவரை அடிக்கடி சந்திப்பதாகக் கூறியவர் நூற்றுக்குச் சுமார் 17 பேரே. எப்போதாவது சந்திப்பதாகக் கூறியவர் 56 பேர். அரிதாகவே சந்திப்பதாகக் கூறியவர் 28 பேர். நெருங்கிய உறவைவிட மேலோட்டமான அறிமுகமே புதுச் செய்தியைக் கொண்டுவருகிறது என்று 1973-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றளவும் எடுத்தாளப்படுகிறது.

நம் ஊரில் அத்தகைய அறிமுகம் யார் யார்? ஒரு திருமணம் நிச்சயமானவுடன் முதலில் அறிபவர் மண்டப மேலாளர். அடுத்து, பிரியாணிக்கு நாள் குறித்துக்கொள்ளும் பண்டாரி. பின்னர் அழைப்பிதழ் அச்சிடும் அச்சகத்தார், பந்தல்காரர், மணப்பெண்ணின் உடை தைக்கும் தையல்கார அம்மையார், ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் பதிவேடு பேணும் பெரியவர். இவர்களுள் ஒருவரேனும் தங்களை அறிந்திராவிடில், அத்திருமணச் செய்தி தங்கள் செவியை எட்டும்போது வேறொருவர் முன்பணம் பெற்றிருப்பார்.

அவர்களிடம் வெறுங்கையுடன் சென்று 'வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்பதில் பயனில்லை. அவர்களுக்குப் பயன்படும் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். பந்தல்காரர் இரவு முழுதும் உழைத்து எழுப்பிய அலங்காரம் மறுநாளே பிரிக்கப்பட்டுவிடும். அதனை அழகாகப் படமெடுத்து அவருக்கு ஓர் ஆல்பமாகக் கொடுங்கள். அடுத்த வீட்டாரிடம் அதைத்தான் அவர் விரித்துக் காட்டுவார். ஓரத்தில் தங்கள் பெயரும் எண்ணும் இருக்கும். மண்டபத்தாருக்கும் இவ்வாறே செய்யலாம். ஒன்றை மட்டும் தவிர்த்திடுக: 'ஆள் பிடித்துக் கொடுத்தால் இவ்வளவு' என்று மறைவாகப் பேசி, அத்தொகையைத் திருமண வீட்டாரின் கணக்கில் ஏற்றுவது நேர்மையன்று.

அறிமுகம் ஒருவரை எவ்வளவு தூரம் உயர்த்தும் என்பதற்கு ராஜா தீன் தயாள் சான்று. 1844-இல் மீரட்டுக்கு அருகே பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் பயின்று, இந்தூர்ப் பொதுப்பணித்துறையில் வரைவாளராகப் பணியாற்றியவர் அவர். படமெடுப்பது ஓய்வு நேரத்து ஆர்வமாகவே தொடங்கிற்று. அலுவல் வழியே அறிமுகமான ஆங்கில அதிகாரி சர் ஹென்றி டேலி ஊக்கமளித்தார். பின் வந்த சர் லெப்பல் கிரிஃபின், 1882-இல் மத்திய இந்தியாவின் பழங்கட்டடங்களைப் படமெடுக்கத் தம்முடன் அழைத்துச் சென்றார். ஒருவர் அறிமுகம் மற்றவரிடம் சேர்க்க, ஹைதராபாத் ஆறாம் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரரானார். 'முஸவ்விர் ஜங்' என்ற பட்டமும் பெற்றார்.

அவர் வரலாற்றில் நம் மகளிர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஹைதராபாத்தின் கண்ணியமிக்க குடும்பத்துப் பெண்கள் அந்நிய ஆடவர்முன் வரமாட்டார்கள். ஆகவே 1892-இல் பெண்களுக்கெனத் தனி ஸ்டுடியோ ஒன்றைத் திறந்து, அதன் பொறுப்பைக் கென்னி லெவிக் என்னும் ஆங்கிலப் பெண்மணியிடம் ஒப்படைத்தார்.

நூறாண்டுக்கு மேலாகியும் இத்தேவை நீங்கவில்லை. நம் வலீமாக்களில் பெண்கள் பகுதியைப் படமெடுக்க ஆடவர் செல்வதை எத்தனையோ குடும்பங்கள் விரும்புவதில்லை. பெண் கலைஞரோ எளிதில் கிடைப்பதில்லை. தம்பி ஆண்கள் பகுதியையும் அக்கா பெண்கள் பகுதியையும் எடுப்பாராயின், அக்குடும்பத்தை நாடி ஊர்கள் வரும். வீட்டிலுள்ள சகோதரிக்கும் கேமராவைக் கற்றுக்கொடுங்கள். வருவாயில் அவருக்குரிய பங்கைத் தனியே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, காலக்கணக்கு. நெல் விளையும் நாட்டில் வீட்டுச் செலவு அறுவடையைத் தொடர்கிறது. சம்பா அறுவடை தை மாதத்தில் நடக்க, கையில் பணம் புழங்குகிறது, திருமணங்களும் கூடுகின்றன. ஆனால் ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், வரும் சில ஆண்டுகளில் அது தை, மாசி மாதங்களிலேயே வருகிறது. நம் சமுதாயத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அறுவடைக் காலத்திலேயே வேலை குன்றும். அதே மாசியில் இந்துச் சகோதரர் வீடுகளில் திருமணங்கள் நடைபெறும். அவர்கள் திருமணம் தவிர்க்கும் ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் நிக்காஹ் நடைபெறும். இரு சமுதாயத்தாரிடமும் நன்மதிப்புப் பெற்றவருக்கு வெற்று மாதங்கள் குறைவு. அண்டைத் தெருவின் காதணி விழாவும் வளைகாப்பும் நம் தொழிலுக்கும் நட்புக்கும் ஒருங்கே உரியவை.

திருமணமே தொழில் என்று எண்ணவும் வேண்டா. தஞ்சாவூர் ஓவியம் தீட்டுவோர், சுவாமிமலையில் உலோகச் சிற்பம் வார்ப்போர், நாச்சியார்கோவில் விளக்குச் செய்வோர், திருபுவனத்துப் பட்டு நெசவாளர் யாவரும் இன்று தொலைவிலுள்ளோருக்குப் படம் காட்டியே பொருள் விற்கின்றனர். மங்கிய படத்தால் நல்ல பொருளும் விலை குறைகிறது. பத்துப் பொருள்களைத் தெளிவாக எடுத்துத் தாருங்கள். மாதந்தோறும் அழைப்பு வரும்.

முதல் வேலை கிடைத்தபின் இரண்டாவதைக் கொண்டுவருவது நாணயமே. தொகை, முன்பணம், படம் ஒப்படைக்கும் நாள் மூன்றையும் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் நமக்குப் பணித்திருக்கிறதன்றோ! உறவினராயினும் எழுதுங்கள், சலுகை தருவதானால் முழுத்தொகையைக் குறித்துவிட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் உழைப்பின் மதிப்பு அவருக்கும் விளங்கும். நிக்காஹ் மறுமுறை நடவாது. எனவே ஒரே நேரத்தில் இரு மெமரி கார்டுகளில் பதிவு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது அமானிதம். ஒரு வீட்டுப் பெண்களின் படங்கள் தங்கள் கணிப்பொறியில் உள்ளன என்றால், அவ்வீட்டின் மானம் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. எழுத்தில் இசைவு பெறாமல் ஒரு படத்தையும் கடைக்கண்ணாடியில் வைக்காதீர்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்; உதவியாளரின் கைப்பேசிக்குச் செல்ல விடாதீர்கள். ஒருமுறை தவறினால் ஒரு பெண்ணின் வாழ்வு பாழாகும். எத்தனை விளம்பரம் செய்தாலும் அந்த ஊரில் தங்களுக்குக் கதவு திறவாது.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் வேலையை யாரேனும் கொடுத்தால்தான் இரண்டாம் வேலைக்குச் சான்று கிட்டும். பைத்துல்மால் இயங்கும் மஹல்லாக்களில் இத்தகைய இளைஞருக்கு வட்டியில்லாக் கடன் வழங்க ஆலோசியுங்கள். மதரஸா ஆண்டு விழாவோ பள்ளிவாசல் கட்டடப் பணியோ வரும்போது, வெளியூர்க்காரரை அழைக்குமுன் உள்ளூர்ப் பிள்ளையிடம் விலை கேளுங்கள். இலவசமாகச் செய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இளைஞர்களே, இவ்வாரம் மூவரைச் சந்தியுங்கள்: ஒரு மண்டப மேலாளர், ஓர் அச்சகத்தார், ஒரு பண்டாரி. ஸலாமோ வணக்கமோ கூறி, தாங்கள் எடுத்த படங்களுள் சிறந்த பன்னிரண்டை மட்டும் காட்டுங்கள். அவர் தொழில் எப்படி நடக்கிறதென்று கேளுங்கள். முயற்சி நம்முடையது, ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

வஸ்ஸலாம்.