பிள்ளைகளின் சொத்தை நகமும் பெரியவர்களின் பூட்ஸும்

தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் கால் நகம் மஞ்சளித்துத் தடித்துப் போனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒருவர் மருதாணியை அரைத்து வைத்துக் கட்டச் சொல்வார். மற்றொருவர் மண்ணெண்ணெய் தடவச் சொல்வார். மூன்றாமவர் டவுனுக்குப் போய்ப் பெயர் தெரியாத களிம்பு ஒன்றை வாங்கி வருவார். மாதங்கள் மூன்று கழியும். நகமோ முன்னிலும் மோசமாகியிருக்கும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சப்பாத்தைக் கழற்றவே கூச்சப்படும். இந்த அவசர வைத்தியத்தை நாம் கைவிட வேண்டும் என்கிறோம்.

நகச் சொத்தையெல்லாம் பூஞ்சைக் காளான் அல்ல. இந்நோய் பெரியவர்களுக்கு வருமளவு சிறுவர்களுக்கு வருவதில்லை. கைக்குழந்தைகளுக்கு மிக அபூர்வம். பிள்ளைகளின் நகம் வேகமாக வளர்வதால், காளான் வேரூன்றுமுன் நகம் வெட்டுப்பட்டுப் போகிறது. ஆயினும் வரவே வராது என்று இருந்துவிடவும் கூடாது. வந்தால் பெரும்பாலும் கால் பெருவிரலில்தான் காணும். நகத்தின் முன்விளிம்பிலோ பக்கத்திலோ மஞ்சளாக, அல்லது வெள்ளையாகத் தொடங்கி, மெல்ல அடிப்பக்கம் நோக்கி ஏறும். நகத்தினடியில் மாவு போன்ற தூள் சேரும். நகம் சதையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும், தொட்டால் உதிரும். ஒன்றிரண்டு நகத்தில் மட்டும் இப்படியிருந்து, விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிய சேற்றுப்புண்ணும் இருந்தால் காளான் என்று சந்தேகிக்க நல்ல காரணமுண்டு.

நகத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொல்லி மாத்திரை வாங்குகிறோம். அவை பெரும்பாலும் விளையாட்டில் பட்ட சிறு அடியின் அடையாளம். நகம் வளர வளரப் போய்விடும். கை, கால், வாய்ப்புண் நோய் வந்து தேறிய பிள்ளைக்கு ஒன்றிரண்டு மாதம் சென்றபின் நகங்கள் அடியிலிருந்து கழன்று விழுவதுண்டு. தாய்மார் அலறிப் போகிறார்கள். மருந்தே வேண்டியதில்லை, புது நகம் தானே முளைக்கும். விரல் சூப்பும் பிள்ளைக்கு நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கினால் அது நகச்சுத்தி. சீழ் கட்டி, காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஊசியால் குத்தினாற்போல் பல நகங்களில் குழிகள் விழுவதும், எல்லா நகமும் ஒருசேர உப்புத்தாள் போல் சொரசொரப்பாவதும் வேறு தோல் நோய்களின் குறி. நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டத் தாமதிக்கவே கூடாது.

கண்ணால் பார்த்து மட்டும் டாக்டரும் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. நகத்தை வெட்டி, அடியிலுள்ள தூளையும் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். காளானை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில வாரங்களாகும். களிம்பு பூசிவிட்டுப் போனால் சோதனையில் காளான் அகப்படாமலே போகலாம். கடைக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது; அது அரிப்பை அடக்கிவிட்டுக் காளானை உள்ளே வளரவிடும். நோய் உறுதியானால் டெர்பினபின் போன்ற மாத்திரையைப் பிள்ளையின் எடைக்குத் தக்கபடி டாக்டர் கொடுப்பார். வழக்கமாகக் கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். நோய் சிறிதாயிருந்தால் நகத்தில் பூசும் மருந்தே போதுமென்றும் சொல்லலாம். மருந்து முடிந்த பிறகும் நல்ல நகம் வளர்ந்து முடியப் பல மாதமாகும். பதினைந்து நாள் பார்த்துவிட்டு, குணமில்லை என்று நிறுத்துகிறவர்கள் நம்மில் அதிகம்.

பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது? பிள்ளையின் நகத்தைப் பார்க்கிறவர்கள் தகப்பனின் காலைப் பார்ப்பதில்லை. விடியுமுன் பனியிலும் ஈரப் புல்லிலும் மரம் வெட்டப் போகிறோம். நனைந்த பூட்ஸ் காய்வதற்குள் மறுநாள் அதையே மாட்டுகிறோம். விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது, ஆண்டுக்கணக்கில் நகம் சொத்தையாகிறது, அதை ஒரு நோயென்றே நாம் எண்ணுவதில்லை. நாள் முழுதும் இறுக்கிய சப்பாத்தோடு நாற்காலியில் இருக்கும் கிராணிமார் கால்களும் இதற்கு விலக்கல்ல. அவர்கள் காலுறையைக் கழற்றுவதில்லை, ஆகவே நமக்குத் தெரிவதில்லை! ஒரே குளியலறை, ஒரே துண்டு, ஒரே நகவெட்டி, ஒரே சிலிப்பர். பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பெரியவர்கள் சும்மா இருந்தால் நோய் திரும்பி வரும். கிளினிக்குக்குப் போகும்போது தகப்பனும் தாயும் தங்கள் காலையும் காட்ட வேண்டும்.

போவதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெரிய தோட்டங்களில் முன்பு இருந்த ஆஸ்பத்திரிகளில் பல இன்று இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் அங்கே போய் வர ஒரு நாள் கூலி போகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்கு நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. அவர் பிள்ளைக்கு நோய் வந்தால் தருவதில்லை. சோதனைக்கு ஒரு முறை, முடிவுக்கு ஒரு முறை, மருந்துக்கு மறுமுறை என்று நகத்துக்காக மூன்று நாள் கூலியை இழக்க எந்தத் தாய் துணிவாள்? மருதாணியைத்தான் நாடுவாள். அவளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் நாளுக்குச் சீட்டுக் காட்டினால் கூலி பிடிக்கக் கூடாது. ஈரத்தில் வெட்டும் தொழிலாளிக்கு நிர்வாகம் இரண்டு சோடி பூட்ஸ் தர வேண்டும். ஒன்று காலில் இருக்கையில் மற்றது காயட்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு கோரிக்கைகள் திரட்டும் கிளைச் செயலாளர்கள் இவ்விரண்டையும் எழுதிச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.