இரண்டாம் முறை இரத்த தானம்

நம் வட்டாரத்தில் இரத்த தான முகாம் நடைபெறும்போது முதன்முறையாக முன்வருவோர் பலர்; மறுமுறையும் வருவோர் சிலரே. அவர்களுடைய ஈகைக் குணம் குன்றிவிட்டதென்று குறை கூறுவதில் நமக்கு உடன்பாடில்லை. முதல் நாளன்று அவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையே முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரத்தத்தை நெடுநாள் சேமித்து வைக்க இயலாது. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள்கள் வரையிலும், தட்டணுக்கள் ஏறத்தாழ 5 நாள்களும் மட்டுமே பயன்படும். கடுமையான தலசீமியா நோயுற்ற குழந்தைக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். பெருநாள் விடுமுறைகளில் கொடுப்போர் குறைகின்றனர். பிரசவ காலத்து உதிரப்போக்கு விடுமுறை பார்த்து வருவதில்லை. ஆதலால், ஒரே நாளில் திரண்டு வரும் நூறு பேரினும் ஆண்டு முழுவதும் முறை தவறாது கொடுக்கும் முப்பது பேரையே நாம் பெரிதென மதிக்கிறோம்.

முதன்முறை கொடுப்பவரை மீண்டும் வரவொட்டாமல் தடுப்பது ஊசியின் வலியைக் காட்டிலும் மயக்கமே ஆகும். பலர் நடுவே தலைசுற்றிச் சாய்ந்தவர் வெட்கத்தினால் அப்பக்கமே திரும்புவதில்லை. விடியற்காலையில் வெறும் கோப்பியோடு வேலைக்குச் சென்று, வெயிலில் உழைத்து, அப்படியே முகாமுக்கு வரும் தோட்டத் தொழிலாளிக்கு இது நேர்வதில் வியப்பென்ன? அவர் வயிறார உண்டு வருதல் வேண்டும். இரத்தம் கொடுப்பதற்குச் சற்றுமுன் அரை லிட்டர் தண்ணீர் அருந்தினால் மயக்கம் குறைகிறதென ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலிலுள்ள ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில் எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லிலிட்டரே என்பதையும், இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாள்களில் ஈடாகிவிடும் என்பதையும் எவரேனும் அருகிலமர்ந்து தமிழில் எடுத்துரைத்தால் பாதி அச்சம் அகலும்.

இரத்தச்சோகை காரணமாகத் திருப்பி அனுப்பப்படும் தாய்மார்களை எவரும் நினைப்பதில்லை. "இன்று வேண்டாம்" என்னும் சொல் அவர்கள் செவியில் "நீ வேண்டாம்" என்றே ஒலிக்கிறது. அது அவர்கள் நலன் கருதியே என விளக்கி, கிளினிக்கில் மருந்து பெற்று உடல் தேறியபின் வருமாறு அன்போடு கூறியனுப்புதல் வேண்டும்.

பரிசுப் பைகள் ஒருவரை மீண்டும் அழைத்து வரும் என்பதில் நமக்கு நம்பிக்கையில்லை. கொடுத்த முறைகளுக்கு ஏற்ப அரசாங்க மருத்துவமனைகளில் கிடைக்கும் சலுகை நன்றே. எனினும் தம் இரத்தம் ஓர் உயிருக்குப் பயன்பட்டதென்று அறிவதே பெருமகிழ்ச்சி. சுவீடன் நாட்டில், கொடுத்த இரத்தம் நோயாளிக்குப் பயன்பட்டதும் கொடையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கம் உண்டு. நம் தோட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லாவிடினும், மூன்று மாதங்கள் கழித்து வீடு தேடிச் சென்று, "அண்ணே, அடுத்த முகாமுக்கு வருகிறீர்களா?" என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும். சுவரில் ஒட்டிய அறிக்கையை விட அறிந்தவரின் அழைப்புக்கு வலிமை மிகுதி.

மாணவச் செல்வங்களே, நீங்கள் இரத்தம் கொடுக்கும் வயதினர் அல்லர். 17 வயதிலும் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. ஆயினும் அப்பாவின் இரத்த தானப் புத்தகத்திலுள்ள தேதியைப் பார்த்து, அடுத்த முறை எப்போது கொடுக்கலாம் என்று நாள்காட்டியில் குறித்து வைக்க உங்களால் இயலும்.