கரையேறிய பிறகும் கரை சேராதவர்கள்

பெரும்பாலும் வங்கதேச எல்லையை மனதில் வைத்து இறுக்கப்பட்ட ஒரு சட்டம், மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளின் வழியை அடைத்து நிற்கிறது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இந்திய மண்ணில் பிறந்தாலே பெரும்பாலும் இந்தியர்தான் என்றிருந்தது. வங்கதேசத்திலிருந்து வந்தவர்களுக்கு எதிரான அஸ்ஸாம் போராட்டமும் அதை முடித்த 1985 உடன்படிக்கையும் அதை மாற்ற வைத்தன. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. 2003 திருத்தம் பிடியை மேலும் இறுக்கியது: பெற்றோரில் மற்றவர், உரிய ஆவணமின்றி வந்த 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது.

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பினால் போதும் என்று படகேறியவர்களிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் எப்படி இருக்கும்? அவர்களை முகாமில் பதிந்து, பணக்கொடையும் அரிசியும் கொடுத்து வருவது அரசேதான். ஆனாலும் சட்டத்தின் கணக்கில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள்.

இதன் விளைவைக் குடும்பத்துக்குள் பார்க்கலாம். ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில் 1987 ஜூனில் பிறந்த அக்கா இந்தியர். 1989-இல் பிறந்த தம்பி அந்நியர். கைக்குழந்தையாகப் படகில் வந்த ஒருவர் உள்ளூர்ப் பெண்ணை மணந்து, 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிள்ளை பெற்றால், தாய்க்கு ஓட்டு உண்டு, பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை.

விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாமே என்றால், 14 ஆண்டுகளில் 11 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், எட்டாவது அட்டவணை மொழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாற்பதாண்டு வாழ்வும் தமிழும் அவர்களிடம் இருக்கின்றன. ஆனால் சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரை விண்ணப்பத்தையே தடுக்கிறது.

பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்துக்கள், கிறிஸ்தவர்கள் உள்ளிட்டோருக்கு 2019 திருத்தம் இந்த முத்திரையை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிச் செல்லப்பட்டு, 1948-இல் இலங்கைச் சட்டத்தால் நாடற்றவர்களான கூலிகளின் வழிவந்தவர்கள். பாட்டன் காலத்தில் ஒரு நாடு கைவிட்டது. பேரன் காலத்தில் இன்னொரு நாடு தயங்குகிறது.

குடியுரிமைக்கு நிபந்தனை விதிக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை, நாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களை வெளியே நிறுத்தப் பயன்படுத்துவது அநீதி.

2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. அதே தேதியை வைத்து, அவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்தும் நாடாளுமன்றம் விலக்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி இதற்காக ஒரே குரலில் பேச வேண்டும்.