காது வலிக்கவில்லையே என்று காத்திருக்கலாமா?

உடம்பில் ஓரிடம் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். வலிக்கவில்லை என்றால், "பார்த்துக்கொள்ளலாம்" என்று நாளைக் கடத்துகிறோம். வலியைக் கொண்டே நோயை எடைபோடும் இந்தப் பழக்கம், காதைப் பொறுத்தவரை பெருந்தவறு என்பது என் கருத்து.

இரவு நன்றாகக் கேட்ட காது, காலையில் எழும்போது கேளாமற் போவதுண்டு. பெரும்பாலும் ஒரு காதில்தான் இது நேரும். மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் குறைந்தால், அதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்கிறார்கள். டெசிபல் ஒரு மடக்கை அளவு. ஆகவே 30 டெசிபல் இழப்பு என்றால், முன்பு கேட்ட மிக மெல்லிய ஒலி இப்போது கேட்க, அதன் செறிவு 1,000 மடங்கு ஆகவேண்டும்! இத்தனை பெரிய இழப்பும் பெரும்பாலும் வலியின்றியே வருகிறது. அதனால்தான் பலர் "குறும்பி அடைத்திருக்கும்" என்று எண்ணி, எண்ணெயை விட்டுக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு, வாயைத் திறவாமல் "ம்ம்ம்" என்று முனகுங்கள். மூடிய காதில்தான் ஒலி உரக்கக் கேட்கும். குறும்பி அடைத்த காதிலும் இப்படித்தான். உட்செவி கெட்டிருந்தாலோ, ஒலி நல்ல காதின் பக்கமே கேட்கும். அதிரும் இசைக்கவையை நெற்றியின் நடுவில் வைத்து மருத்துவர் அறிவது இந்த வேறுபாட்டையே. முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான், நாமல்ல.

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதிலுள்ள சுமார் 15,000 மயிரணுக்கள் ஒலி அதிர்வை மின்குறிப்பாக மாற்றுகின்றன. கடினமான பொட்டெலும்புக்குள் இது புதைந்திருப்பதால், உயிருள்ளவரின் உட்செவியிலிருந்து திசுவை வெட்டி எடுத்துப் பார்க்க இயலாது. எடுத்தால் எஞ்சிய கேள்வியும் போய்விடும். ஆகவே, இறந்தபின் தம் பொட்டெலும்பை ஆய்வுக்கு அளித்தவர்களிடமிருந்தே நாம் உண்மையைக் கற்கிறோம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆய்வாளர்களான மெர்ச்சன்ட், ஆடம்ஸ், நாடோல் ஆகியோர், இந்நோய் கண்ட 17 காதுகளின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். கேட்கும் திறன் திரும்பாத காதுகளில் பெரும்பாலானவற்றில் மயிரணுக்களும் அவற்றைத் தாங்கும் அணுக்களும் அழிந்திருந்தன. உட்செவியின் சவ்வு கிழிந்திருக்கும் என்பது ஒரு பழைய ஊகம். அதற்கான அடையாளம் எந்தக் காதிலும் இல்லை. இந்நோயின் மூலகாரணம் பெரும்பாலோரிடம் இன்னும் விளங்கவில்லை. ஆனால் அழிவது எது என்பது விளங்கிவிட்டது. பறவைகளின் காதில் மயிரணுக்கள் மீண்டும் முளைக்கும். மனிதர் காதில் முளைப்பதில்லை.

"சிலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சிலரில் நாம் ஒருவரா என்பதை முதல் நாளில் யாராலும் சொல்ல இயலாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தருவது இன்று பரவலாக உள்ள முறை. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. ஆயினும் நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறைகிறது.

ஆகவே, வீட்டில் தாத்தாவோ அம்மாவோ "இந்தக் காது திடீரென்று மந்தமாயிற்று" என்றால், "வலிக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "எப்போதிருந்து?" என்று கேளுங்கள். அன்றைக்கே காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.